அட்லஸில் இல்லாத நாடு!

குழந்தைகளே, உங்களில் யாராவது அஞ்சல்தலை சேகரிக்கிறீர்களா? இப்போது கடிதம் எழுதுவதே குறைந்துவிட்டது. உங்கள் அப்பாவோ அத்தையோ பள்ளியில் படித்த காலத்தில், வகுப்புக்கு நாலு பேராவது ஸ்டாம்ப் ஆல்பத்தைக் கட்டிக்கொண்டு அலைவார்கள். உறையிலிருந்து ஒட்டிய தாளோடு கத்தரித்து, தண்ணீரில் ஊறப்போட்டு, மெதுவாகப் பிரித்து, பழைய நோட்டுக்கு நடுவில் வைத்து உலர்த்தி... அது ஒரு பெரிய வேலை!

1988-ஆம் ஆண்டு நான் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்குப் புவியியல் நடத்திக்கொண்டிருந்தேன். அந்த வகுப்பில் ஒரு பையன். அவனுடைய மாமா கப்பலில் வேலை பார்த்தார். ஊருக்கு வரும்போதெல்லாம் மருமகனுக்கு ஒரு கவர் நிறைய அஞ்சல்தலைகள் கொண்டுவருவார். பையன் அவற்றை நாடு வாரியாகப் பிரித்து ஒட்டுவான். ஒருநாள் என் மேசைக்கு வந்து நின்றான்.

"சார், இந்த நாடு அட்லஸ்ல எங்க தேடினாலும் இல்ல சார்!"

வாங்கிப் பார்த்தேன். மலையும் பசுமாடும் போட்ட அழகான அஞ்சல்தலை. அதில் 'ஹெல்வெட்டியா' என்று அச்சிட்டிருந்தது. நானும் கேள்விப்பட்டதில்லை. 'தெரியாது, பார்த்துச் சொல்கிறேன்' என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நாற்பது பிள்ளைகள் முன்னால் தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "ஏதாவது குட்டித் தீவா இருக்கும்டா. அட்லஸ்ல எல்லாத் தீவையும் போட மாட்டாங்க" என்று சொல்லிவிட்டேன்.

அவனும் அழகான கையெழுத்தில், 'ஹெல்வெட்டியா தீவு' என்று தலைப்பு எழுதி ஒட்டிவிட்டான். இரண்டு மாதம் கழித்துப் பள்ளி ஆய்வுக்கு ஓர் அதிகாரி வந்தார். பிள்ளைகள் செய்ததையெல்லாம் மேசையில் பரப்பி வைத்திருந்தோம். ஆல்பத்தைப் புரட்டியவர் அந்தப் பக்கத்தில் நின்று, வாய்விட்டுச் சிரித்தார். "சுவிட்சர்லாந்து எப்பய்யா தீவாச்சு? சுத்தி ஒரு சொட்டுக் கடல் கிடையாதே!" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. பையன் தலை குனிந்து நின்றான். என்னைக் கைகாட்டியிருக்கலாம். காட்டவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை மாவட்ட மைய நூலகத்துக்குப் போய்க் கலைக்களஞ்சியத்தைப் புரட்டினேன். திங்கட்கிழமை காலையில், "தப்பு அவன் மேல இல்லை, நான்தான் தெரியாம சொல்லிக்கொடுத்தேன்" என்று வகுப்பில் சொன்னேன். அன்றிலிருந்து எனக்கு நாடுகளின் பெயர்கள் மேல் ஒரு பைத்தியமே பிடித்துக்கொண்டது. அப்படித் தேடியதில் கொஞ்சத்தைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

நாலு மொழி, ஒரு பெயர்

சுவிட்சர்லாந்தில் ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியம், ரோமான்ஷ் என்று நான்கு தேசிய மொழிகள். நான்கிலும் நாட்டின் பெயர் வெவ்வேறு மாதிரி: ஷ்வைத்ஸ், சுவிஸ், ஸ்விட்செரா, ஸ்விட்ஸ்ரா. இத்துணூண்டு அஞ்சல்தலையில் நாலு பெயரையும் எப்படிப் போடுவது? ஒன்றை மட்டும் போட்டால் மற்ற மூன்று பேருக்கும் மனம் வருந்தாதா? அதனால் இப்போது யாருக்கும் தாய்மொழியாக இல்லாத லத்தீனில் பெயர் போட்டுவிட்டார்கள். அதுதான் ஹெல்வெட்டியா.

இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே வாழ்ந்த பழங்குடியினரின் பெயர் ஹெல்வெட்டி. ரோமானியத் தளபதி ஜூலியஸ் சீசர் கி.மு. 58-இல் போரிட்டு வென்றது இவர்களைத்தான். சுவிஸ் கார்களின் பின்னால் 'சி.எச்.' என்று இரண்டு எழுத்துகள் இருக்கும். அதுவும் 'ஹெல்வெட்டியக் கூட்டாட்சி' என்பதன் லத்தீன் சுருக்கம்தான்.

அப்படியானால் சுவிட்சர்லாந்து என்ற பெயர் எங்கிருந்து வந்தது? ஷ்வீஸ் என்று ஒரு சிறிய மலைநாட்டுப் பகுதி. 1291-இல் ஊரி, ஷ்வீஸ், உண்டர்வால்டன் ஆகிய மூன்று பகுதிகளும் ஒருவருக்கொருவர் உதவுவதாக உடன்படிக்கை செய்துகொண்டன. பிறகு பல பகுதிகள் சேர்ந்து நாடு பெரிதானது. ஆனால், வெளியில் இருந்தவர்கள் எல்லாரையும் ஷ்வீஸ்காரர்கள் என்றே கூப்பிட்டார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது.

பையனின் ஆல்பத்தில் இன்னும் சில புதிர்கள் இருந்தன. 'மாக்யார் போஸ்டா' என்று ஒன்று. அது ஹங்கேரி! அந்த நாட்டு மக்கள் தங்களை மாக்யார் என்றும், நாட்டை மாக்யார்-ஓர்சாக் என்றும் சொல்கிறார்கள். ஹங்கேரி என்பது வெளியார் வைத்த பெயர். 'ஒனோகுர்' என்ற துருக்கிய இனப் பெயரிலிருந்து வந்தது என்பது அறிஞர்களின் கருத்து. பத்து அம்புகள் அல்லது பத்துக் குலங்கள் என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள். முன்னால் இருக்கும் 'ஹ' எழுத்து, ஹூணர்களோடு குழப்பிக்கொண்டதால் வந்து சேர்ந்ததாம். பின்லாந்து மக்களுக்குத் தங்கள் நாடு 'சுவோமி'. பக்கத்தில் இருக்கும் சுவீடனை அவர்கள் 'ருவோட்சி' என்கிறார்கள். இதில் ஒரு வேடிக்கை. துடுப்புப் படகுகளில் சுவீடன் பக்கத்திலிருந்து ஆற்று வழியாகக் கிழக்கே போய் ஆட்சி அமைத்தவர்களுக்கு 'ரூஸ்' என்று பெயர். அந்த ரூஸ்தான் ரஷ்யா ஆனது. ருவோட்சியும் ரூஸும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்பது பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. ஆக, பின்லாந்துக்காரர் சுவீடனைக் கூப்பிடும் பெயர், உலகம் ரஷ்யாவைக் கூப்பிடும் பெயருக்கு உறவு!

எந்த வாசலில் நின்று பார்த்தீர்கள்?

நம் ஊரில் ஒரே வீட்டை வடக்குத் தெருக்காரர்கள் 'வேப்பமரத்து வீடு' என்பார்கள். தெற்குத் தெருக்காரர்கள் 'கடைக்காரர் வீடு' என்பார்கள். அந்த வீட்டுக்காரர்களைக் கேட்டால், 'எங்கள் வீடு' என்பார்கள், அவ்வளவுதான். ஜெர்மனியின் கதையும் இதேதான்.

ஜெர்மானியர்கள் தங்கள் நாட்டை 'டாய்ச்லாந்த்' என்கிறார்கள். 'டாய்ச்' என்பதற்கு முதலில் 'மக்களுடைய' என்று பொருள். படித்தவர்களும் பாதிரியார்களும் லத்தீனில் எழுதிய காலத்தில், சாதாரண மக்கள் பேசிய மொழியைக் குறிக்க வந்த சொல் அது.

மேற்கே பிரெஞ்சுக்காரர்களுக்குப் பக்கத்தில் இருந்தது 'அலமானி' என்ற இனம். அதனால் அவர்களுக்கு அந்த நாடு முழுவதும் 'அல்மான்ய்'. ஸ்பெயின்காரர்களுக்கும் துருக்கியர்களுக்கும் கிட்டத்தட்ட அதே பெயர்தான். வடக்கே பின்லாந்துக்காரர்கள் அறிந்தது 'சாக்சன்' இனத்தை. எனவே அவர்களுக்கு அது 'சக்சா'. ரோமானியர் எழுதி வைத்த 'ஜெர்மானியா'வை ஆங்கிலேயர்கள் எடுத்துக்கொண்டார்கள். அவர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொண்டோம்.

கிழக்கு வாசலில் நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த கதை. அங்கே போலந்து முதலிய நாடுகளில் இருப்பவர்கள் ஸ்லாவ் மக்கள். தங்கள் மேற்கே இருந்தவர்கள் பேசியது அவர்களுக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. எனவே, அவர்களைப் 'பேசத் தெரியாதவர்கள்' என்று சொல்லிவிட்டார்கள்! அதுதான் போலந்து மொழியில் இன்றும் ஜெர்மனிக்குப் பெயர்: 'நியெம்த்ஸி'. சரி, ஸ்லாவ் என்றால் என்ன? 'சொல்' என்று பொருள்படும் 'ஸ்லோவோ' என்பதிலிருந்து வந்தது என்று பலர் கருதுகிறார்கள். அதாவது, நாங்கள் சொல் உடையவர்கள், அவர்கள் சொல் இல்லாதவர்கள்! உங்கள் வகுப்பில் வேறு மொழி பேசும் பிள்ளை ஒன்று புதிதாக வந்து சேர்ந்தால், முதல் வாரத்தில் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள்? 'இவனுக்குப் பேசவே தெரியாது போல' என்றுதானே? பாவம், வீட்டுக்குப் போனால் அவன் வாய் ஓயாமல் பேசுபவனாக இருப்பான்.

இந்தப் பெயர் அதோடு நிற்கவில்லை. எப்படியோ அரபு நாடுகள் வரை போய்விட்டது. அரபு மொழியில் 'நிம்சா' என்றால் ஒரு நாடு. ஜெர்மனி என்று நினைப்பீர்கள். இல்லை, ஆஸ்திரியா! அங்கேயும் ஜெர்மன் மொழிதான் பேசுகிறார்கள் அல்லவா? அதனால்தான்.

நெதர்லாந்து மக்களை நாம் 'டச்சுக்காரர்' என்கிறோமே, அந்த டச்சும் இந்த டாய்ச்சும் ஒன்றுதான். ஆங்கிலேயர்கள் பக்கத்து வீட்டுப் பெயரை இந்த வீட்டுக்கு வைத்துவிட்டார்கள். நம் முன்னோர் அவர்களை 'ஒல்லாந்தர்' என்றும் சொன்னார்கள். அதுவும் முழுச் சரியில்லை. ஹாலந்து என்பது அந்த நாட்டின் ஒரு பகுதி மட்டுமே. 'எங்களை ஹாலந்து என்று விளம்பரப்படுத்த வேண்டாம், நெதர்லாந்து என்றே சொல்வோம்' என்று 2020-இல் அந்த நாட்டு அரசே முடிவு செய்தது. நெதர்லாந்து என்றால் தாழ்ந்த நிலம். நாட்டின் ஏறக்குறைய கால் பங்கு கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. பொருத்தமான பெயர்தானே?

வால்நட்டும் பறங்கிக்காயும்

வால்நட் சாப்பிட்டிருக்கிறீர்களா? மூளை மாதிரி சுருக்கம் சுருக்கமாக இருக்குமே, அந்தப் பருப்பு. வாலுக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

பழைய ஜெர்மானிய மொழிகளில் 'வால்ஹ்' என்று ஒரு சொல் இருந்தது. நம்மவர் அல்லாதவர், அயலார் என்று பொருள். தெற்கிலிருந்து வந்த அந்தக் கொட்டைக்கு 'அயலார் கொட்டை' என்று பெயர் வைத்தார்கள். நாம் 'சீமைக் கத்தரிக்காய்' என்கிறோமே, அது மாதிரி.

பிரிட்டனின் மேற்கே வேல்ஸ் என்று ஒரு நாடு இருக்கிறது, தெரியுமா? அந்தப் பெயரும் இதே வால்ஹ்தான். ஆங்கிலேயரின் முன்னோர்களான ஆங்கில்களும் சாக்சன்களும் கி.பி. ஐந்தாம் நூற்றாண்டில் கடல் கடந்து பிரிட்டனுக்கு வந்தார்கள். வந்தவர்கள், அங்கேயே காலங்காலமாக இருந்தவர்களைப் பார்த்து 'அயலார்' என்றார்கள்! எப்படி இருக்கிறது நியாயம்? வேல்ஸ் மக்கள் தங்கள் நாட்டை 'கம்ரி' என்கிறார்கள். 'நம் நாட்டார்' என்று அதற்குப் பொருள். ஒரே மலை, ஒரே மக்கள். உள்ளே நின்றால் 'நம்மவர்', வெளியே நின்றால் 'அயலார்'.

பிரான்ஸ் நாட்டுக்குப் பெயர் தந்த 'பிராங்க்' இனத்தாரும் வெளியிலிருந்து வந்த ஜெர்மானிய இனத்தார்தான். வந்து ஆண்டார்கள். பெயரைக் கொடுத்தார்கள். ஆனால், தங்கள் மொழியை விட்டுவிட்டு ஊர் மக்கள் பேசிய லத்தீன் வழி மொழிக்கு மாறிவிட்டார்கள். அதுதான் இன்றைய பிரெஞ்சு.

இந்த 'பிராங்க்' என்ற சொல் உங்கள் வீட்டுச் சமையலறையில் இருக்கிறது என்றால் நம்புவீர்களா? மேற்கு ஐரோப்பாவிலிருந்து வந்த எல்லாரையுமே அரபு நாட்டாரும் பாரசீகரும் பிராங்குகள் என்று பொதுவாகச் சொன்னார்கள். அந்தச் சொல் 'பிரங்கி', 'பிரிங்கி' என்றெல்லாம் மாறி நம்மிடம் வந்தபோது 'பறங்கி' ஆனது. போர்த்துக்கீசியர்கள் குடியிருந்த மலை பரங்கிமலை. அமெரிக்காவில் விளைந்து, ஐரோப்பியர் வழியாக நமக்கு வந்த காய் பறங்கிக்காய். அடுத்த முறை அம்மா பறங்கிக்காய்க் கூட்டு வைத்தால், பிரான்ஸ் தேசத்துக்கு அது பெயர் உறவு என்று சொல்லிப் பாருங்கள். சாப்பிடாமல் தப்பிக்க முடியாது, அது வேறு விஷயம்!

கிரேக்கர்களுக்கும் இதே கதைதான். அவர்கள் நாட்டை அவர்கள் 'எல்லாஸ்' என்கிறார்கள். இத்தாலிக்கு அருகில் இருந்த ஒரு சிறு கூட்டத்தாரின் பெயரை வைத்து ரோமானியர்கள் 'கிரேக்கி' என்றார்கள். கிழக்கே பாரசீகத்துக்குப் பக்கத்தில் இருந்த கிரேக்கர்களோ 'அயோனியர்'. அது பாரசீகத்தில் 'யவுனா' ஆகி, சமஸ்கிருதத்தில் 'யவன' ஆகி, தமிழில் 'யவனர்' ஆனது. சங்க இலக்கியத்தில் யவனர்கள் வருகிறார்கள் என்று உங்கள் தமிழாசிரியர் சொல்லியிருப்பார். ரோமானியரையும் சேர்த்தே நம் முன்னோர் அப்படி அழைத்தார்கள். சென்னையில் அரசு யுனானி மருத்துவக் கல்லூரி இருக்கிறது. யுனானி என்றாலும் 'கிரேக்க' என்றுதான் பொருள்.

ஒரு பெயருக்காக 27 ஆண்டுகள்

பெயர் என்றால் என்ன, யார் எப்படிக் கூப்பிட்டால் என்ன என்று தோன்றுகிறதா? ஒரே ஒரு பெயருக்காக இரண்டு நாடுகள் 27 ஆண்டுகள் சண்டை போட்டிருக்கின்றன.

யூகோஸ்லாவியா என்று ஒரு நாடு இருந்தது. அது உடைந்தபோது, 1991-இல் அதன் தெற்குப் பகுதி 'மாசிடோனியா' என்ற பெயரில் தனி நாடானது. உடனே கிரீஸ் எதிர்த்தது. ஏன்? கிரீஸின் வடபகுதிக்கும் மாசிடோனியா என்றுதான் பெயர். மாவீரன் அலெக்சாண்டர் மாசிடோனிய மன்னர் அல்லவா? அவருடைய தலைநகரான பெல்லா இன்றைய கிரீஸில்தான் இருக்கிறது. 'எங்கள் வரலாற்றை எடுத்துக்கொள்கிறார்கள், நாளைக்கு எங்கள் மண்ணையும் கேட்பார்கள்' என்று கிரேக்கர்கள் பயந்தார்கள். 'நாங்கள் பிறந்ததிலிருந்து மாசிடோனியர்கள். எங்கள் பெயரை மாற்று என்று சொல்ல நீங்கள் யார்?' என்று அந்தப் பக்கத்து மக்கள் கேட்டார்கள். இரண்டு பக்கமும் கேட்டுப் பாருங்கள், இரண்டிலும் நியாயம் இருப்பது போலத்தான் இருக்கும். நான் இதை வகுப்பில் சொன்னபோதெல்லாம் பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள்.

1993-இல் ஐக்கிய நாடுகள் சபையில் சேரும்போது, அந்தக் குட்டி நாட்டுக்குத் தற்காலிகமாக வைத்த பெயர் என்ன தெரியுமா? 'முன்னாள் யூகோஸ்லாவியக் குடியரசான மாசிடோனியா'! மூச்சு வாங்குகிறதா? அங்கே நாடுகளை ஆங்கில அகர வரிசையில் உட்கார வைப்பார்கள். 'எம்' எழுத்தில் உட்காரக் கூடாது என்றது ஒரு தரப்பு. 'முன்னாள்' என்பதன் ஆங்கில எழுத்தில் உட்கார மாட்டோம் என்றது மறு தரப்பு. கடைசியில், அந்தப் பெயருக்கு முன்னால் இருந்த 'தி' என்ற சொல்லை வைத்து, தாய்லாந்துக்குப் பக்கத்தில் இடம் கொடுத்தார்கள்.

மேத்யூ நிமெட்ஸ் என்ற அமெரிக்கர் 1994-இல் சமரசம் பேச வந்தார். பின்னர் ஐ.நா. தூதராகவும் ஆனார். பேசினார், பேசினார், இருபது ஆண்டுகளுக்கு மேல் இந்த ஒரு பெயரைப் பற்றியே பேசினார். அதற்கு அவர் வாங்கிய அடையாளச் சம்பளம் ஒரு டாலர்!

2018-இல்தான் வழி பிறந்தது. அந்தக் குட்டி நாடு தன் தலைநகர் விமான நிலையத்துக்கு வைத்திருந்த அலெக்சாண்டரின் பெயரை எடுத்துவிட்டது. அந்த ஆண்டு ஜூன் 17 அன்று, இரு நாட்டு எல்லையில் உள்ள பிரெஸ்பா ஏரிக்கரையில் ஒப்பந்தம் கையெழுத்தானது. பெயர்: 'வடக்கு மாசிடோனியா'. 'வடக்கு' என்ற ஒரே ஒரு சொல்! 2019 பிப்ரவரியில் அது நடைமுறைக்கு வந்தது. எல்லைப் பலகைகளை மாற்றினார்கள். கார் எண் பலகைகளை மாற்றினார்கள். இரு நாட்டிலும் அதைப் பிடிக்காதவர்கள் நிறையப் பேர் இன்னும் இருக்கிறார்கள்.

2022-இல் துருக்கியும் ஐ.நா. சபையிடம், 'எங்களை ஆங்கிலத்தில் டர்க்கி என்று எழுத வேண்டாம், எங்கள் மொழியில் உள்ளபடி துர்க்கியே என்று எழுதுங்கள்' என்று கேட்டுப் பெற்றது. ஆங்கிலத்தில் டர்க்கி என்றால் வான்கோழி! யாருக்குத்தான் பிடிக்கும்? பாவம், அந்த வான்கோழி அமெரிக்கப் பறவை. ஆங்கிலேயர் அது துருக்கியிலிருந்து வந்ததாக நினைத்துக்கொண்டார்கள். துருக்கியர்களோ அதை 'ஹிந்தி' என்கிறார்கள். அதாவது, இந்தியாவிலிருந்து வந்ததாம்! போர்த்துக்கீசியர்கள் அதை 'பெரு' என்கிறார்கள்.

அந்தப் பையனின் ஆல்பத்துக்கு வருகிறேன். நான் வகுப்பில் தப்பை ஒப்புக்கொண்ட அன்று மாலை, அவன் மறுபடி என் மேசைக்கு வந்தான். 'ஹெல்வெட்டியா தீவு' என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, 'சுவிட்சர்லாந்து' என்று எழுதியிருந்தான். "சார், இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்று கடைசிப் பக்கத்தைத் திறந்தான். ஏழெட்டு அஞ்சல்தலைகள். எல்லாவற்றிலும் ஒரு ராணியின் தலை. எதிலும் நாட்டின் பெயரே இல்லை! மேலே, 'பெயர் இல்லாத நாடு' என்று எழுதி ஒரு கேள்விக்குறி போட்டிருந்தான்.

இந்த முறை எனக்கு விடை தெரிந்திருந்தது. அது பிரிட்டன். ஒட்டும் அஞ்சல்தலையை உலகில் முதன்முதலில், 1840 மே மாதம், வெளியிட்ட நாடு அது. அப்போது வேறு எந்த நாட்டிலும் அஞ்சல்தலை கிடையாது. எனவே, எந்த நாடு என்று எழுதத் தேவையே இருக்கவில்லை, அரசி விக்டோரியாவின் தலை போதும் என்று விட்டுவிட்டார்கள். இன்றும் மன்னர் சார்லஸின் தலை மட்டும்தான், பெயர் கிடையாது.

பையன் கேள்விக்குறியை அழித்தான். 'பெயர் இல்லாத நாடு' என்பதை மட்டும் அழிக்காமல், பக்கத்தில் சின்னதாகப் 'பிரிட்டன்' என்று எழுதிக்கொண்டு ஓடிவிட்டான்.